பீஸ் கட்டையும் பதினைந்து மதிப்பெண் கேள்வியும்

இளங்கலை ஆங்கில இலக்கியம் படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். நாடகத்தில் வரும் இளம் பாத்திரங்களின் காதல் பற்றிய எண்ணம் எவ்வாறு மாறுகிறது? பதினைந்து மதிப்பெண். நாடகம் பழைய காலத்துச் சோக நாடகம். பகையாளிகளான இரண்டு குடும்பம், இந்த வீட்டில் ஒரு பையன், அந்த வீட்டில் ஒரு பெண். இன்று கல்லூரியில் நானே அந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இல்லாவிட்டால் சிரித்துவிடுவேன். அந்த நாடகத்தை நம்பி நான் செய்த காரியம் அப்படி.

நான் படித்தது திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரான புதிதில். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வருவேன். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். மாப்பிள்ளை அமைகிற வரைக்கும் வீட்டில் சும்மா உட்கார்ந்து எதிர்த்துப் பேசிக்கொண்டிருப்பாள், அதற்குக் கல்லூரியே மேல் என்றுதான் அப்பா என்னைச் சேர்த்தார். எனக்கோ ஆசை வேறு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வெளியூரிலிருந்து ஒரு டீச்சர் வருவார். தோளில் கைப்பை. அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் கால்மேல் கால் போட்டிருப்பவர்கள் காலைக் கீழே போடுவார்கள். எனக்கு அந்தக் கைப்பை வேண்டும். டிகிரி முடித்தால்தான் கைப்பை. வாழ்க்கையில் அதைவிடப் பெரிய லட்சியம் இருப்பதாக எனக்கு அப்போது தெரியாது, இப்போதும் தெரியாது.

நாடகம் நடத்திய பேராசிரியர் மிகவும் நல்லவர், மிகவும் மெதுவானவர். ஒரு வகுப்புக்கு நாலு வரி, விசேஷ நாளென்றால் ஐந்து வரி. ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் அவரே படிப்பார். முன் பெஞ்சில் மாணவிகள் இருக்கும்போது காதல் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் "அவள் மேல அவனுக்கு ஒரு இது" என்பார். முதலில் அவனுக்கு வேறொரு பெண் மேல் இது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பகையாளி வீட்டு விருந்தில் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கிறான், பழைய இது போய்விட்டது, புது இது வந்துவிட்டது. அவளும் அதுவரை அப்பா அம்மா யாரைக் கைகாட்டுகிறார்களோ அவனைப் பார்க்கிறேன் என்றிருந்தவள், அன்று மாடத்தில் வந்து நின்று பேசுகிறாள். இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது.

கதை மேற்கொண்டு எப்படிப் போகிறது என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. புத்தகம் கையில் இருந்தது, ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பேராசிரியர் துணையில்லாமல் நாங்கள் ஒரு பக்கம் நடக்க முடியாது. நோட்ஸ் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்புதான் கடைக்கு வரும். சோக நாடகம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது உண்மைதான். சோகம் என்றால் எல்லோரும் நன்றாக அழுது, கடைசியில் பெரியவர்கள் மனம் மாறி, பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள் என்று எங்கள் ஊர்க் கொட்டகையில் பார்த்த படங்களை வைத்து நானே முடிவு செய்திருந்தேன்.

பாதி நாடகத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். காதலுக்குத் தேவை ஒரு பகையாளி வீடு. அந்த வீட்டில் வயசுப் பையன் ஒருவன் இருந்துவிட்டால் மீதி தானாக நடக்கும். எங்கள் குடும்பத்துக்குப் பகையாளி யார் என்று யோசித்துப் பார்த்தேன். அத்தை வீடுதான்.

அத்தை என்றால் அப்பாவுடைய கூடப் பிறந்த அக்கா. அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த நிலம் எங்கள் நிலத்தை ஒட்டியே இருந்தது. வீடும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் எங்கள் தண்ணீர், மறுநாள் அவர்கள் தண்ணீர் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், த்ரீ ஃபேஸ் கரண்ட் ஒழுங்காக வந்தால். நம்முடைய நாளில் கரண்ட் இல்லாமல் போனால்? அந்த நாளை அடுத்த நாளில் ஈடு செய்ய வேண்டும் என்பது என் அப்பாவின் கட்சி. போன நாள் போனதுதான், கரண்டுக்கு நான் பொறுப்பா என்பது அத்தை வீட்டு மாமாவின் கட்சி. இதற்காக இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கோயில் திருவிழாவில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் சாமியைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டுப் பையனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே சங்கடம். மூக்கு ஒழுகிக்கொண்டு என் பலப்பத்தைப் பிடுங்கித் தின்றவன். இப்போது ஐ.டி.ஐ. முடித்து டவுனில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தான். நகத்தில் எப்போதும் கிரீஸ், சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். மாடத்துக்குக் கீழே நிற்கக் கூடிய உருவம் இல்லை. ஆனால் பகையாளி வீட்டில் வேறு பையன் கிடையாது. அவனும் ஒரே பிள்ளை.

மாடத்துக்கு நான் எங்கே போவேன்? மொட்டை மாடிதான். மல்லாட்டை காயப் போட்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். புதுத் தாவணி கட்டிக்கொண்டு, காலால் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டே, கீழே மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்தபடி நின்றேன். அவன் வெளியே வந்தான். நிமிர்ந்து பார்த்தான். பேராசிரியர் சொன்ன இடம் அப்படியே வந்துவிட்டது என்று தாவணியைச் சரிசெய்துகொண்டேன். நாடகத்தில் இந்த இடத்தில் அவன் அவளைச் சூரியனென்றும் நட்சத்திரமென்றும் ஏதேதோ சொல்வான்.

"உங்க வீட்ல கரண்ட் வந்துடுச்சா?" என்று கேட்டான்.

வரவில்லை என்று தலையாட்டினேன். சரி என்று உள்ளே போய்விட்டான். ஆனாலும் பகையாளி வீட்டோடு பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அவன்தான் முதலில் உடைத்தான், இதுவும் கணக்கில் சேர்த்திதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பேச ஆரம்பித்தோம். பேசியது பெரும்பாலும் நான்தான். நாடகக் கதையை நடத்தின வரைக்கும் சொன்னேன். அவனுக்குக் கதை ரொம்பப் பிடித்துப் போயிற்று. என்னைப் பிடித்ததா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததுமே "அப்புறம் என்னா ஆச்சு?" என்பான். இன்னும் நடத்தவில்லை என்பேன். ஒரு வாரத்துக்கு இருபது வரிகூட நடத்தாத வாத்தியாருக்கு எதற்குச் சம்பளம் என்று கோபித்துக்கொள்வான்.

ஒருநாள் அவனாகவே ஒரு விஷயம் சொன்னான். கடை மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பெண்ணாம். ஃபேன் ரிப்பேருக்குக் கூப்பிட்டாளாம். சரி செய்துவிட்டு நல்லா சுத்துதா என்று கேட்டானாம். சுத்துது என்றாளாம். அவ்வளவுதான். அந்த ஃபேன் மறுபடியும் ரிப்பேர் ஆகும் என்று பல மாதம் காத்திருந்தானாம், அவன் செய்த வேலை கெட்டுப் போகவே இல்லையாம். வேறொரு பெண்ணாக இருந்தால் இதைக் கேட்டு முகம் சுளித்திருப்பாள். எனக்கோ ஆனந்தம். நாடகத்திலும் முதலில் ஒருத்தி மேல் வெட்டியாக இது இருக்க வேண்டும், அப்புறம்தான் அசல் இது. எல்லாம் வரிசைப்படி நடந்துகொண்டிருந்தது.

அடுத்தது ரகசியச் சந்திப்பு. மாசி மாதப் பௌர்ணமியன்று மலை சுற்றப் போவதாக வீட்டில் சொன்னேன். அவனையும் வரச் சொல்லியிருந்தேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். சாமி கும்பிடுகிற கூட்டத்தில் யார் யாரோடு வருகிறார்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மதியமே கிளம்பிவிட்டோம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும்போது ஒரு வெள்ளைக்கார ஜோடி கைகோத்துக்கொண்டு போயிற்று. அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடைவெளி விட்டு நடந்த எங்கள் இரண்டு பேரைத்தான் ரோட்டில் போன அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அடி அண்ணாமலை நெருங்கும்போதுதான் கவனித்தேன். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில், இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து சுண்டல் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் அம்மா. இன்னொருத்தி அத்தை.

அம்மா காலையில் தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள். அத்தை என்ன சொல்லிக் கிளம்பினாளோ. ஆண்கள் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த மரத்தடியில்தான் அவர்கள் ஊர்க்கதை பேசி வந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. மலை சுற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும். பாதியில் திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தால் கும்பிட வந்தவர்கள் சும்மா விட மாட்டார்கள். எங்களுக்குத் திரும்ப வழியில்லை, அவர்களுக்கு ஓட வழியில்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம்.

ரகசியமாக வந்த இரண்டு கோஷ்டியில் எது முதலில் திட்டுவது என்று யாருக்கும் புரியவில்லை. நான் நாடகத்தில் வருகிற மாதிரி அழுகை, சாபம், வீட்டுச் சிறை எல்லாவற்றுக்கும் தயாரானேன். பேச வேண்டிய வசனம்கூட மனதில் வைத்திருந்தேன். அத்தை எங்களை மேலும் கீழும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஏன் நிக்கிறீங்க ரெண்டு பேரும்? உக்காந்து சுண்டல் சாப்டுங்க."

அந்த நாடகத்தை எழுதியவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்காது. அது அவர் தப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அத்தை பையனைக் கட்டிக்கொள்ளத்தான் எல்லோரும் சொல்வார்கள். கட்டிக்கொள்ளாவிட்டால்தான் சண்டை வரும். தடை மேல் தடை வரும் என்று நம்பி நான் தேடிப் பிடித்த பகையாளி வீட்டுப் பையன், பிறந்த அன்றே எனக்கென்று முறை சொல்லி வைத்த பையன். ஊரில் இருந்த அத்தனை ஆண்பிள்ளைகளிலும் யாரைக் காதலித்தால் ஒரு கஷ்டமும் வராதோ, அவனாகப் பார்த்து நான் காதலித்திருந்தேன்.

அந்த வாரமே மாமா தட்டில் பழம் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வாசலுக்குப் போய் வாங்க மாமா என்றார். கரண்ட் போன நாளை இரண்டு வீடும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வது என்று காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. இத்தனை வருஷம் இது ஏன் தோன்றவில்லை என்று இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். கோபமாகத் திட்டுவார் என்று எனக்கு அப்போதும் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது.

"முறைப்பையன்தானே பாப்பா. இதுக்குப் போய் எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போனீங்க?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சித்திரையில் முகூர்த்தம் குறித்தார்கள். நாள் சரியாகப் பரீட்சைக்கு நடுவில் விழுந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். கல்யாணம் ஆகப் போகிறவளுக்குப் பரீட்சை எதற்கு என்றாள் அத்தை. மல்லாட்டை பிடுங்குகிற நேரம், வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார் மாமா. இரண்டு மாதம் தள்ளிவைக்கக் கூடாதா என்று கேட்டேன். ஆனியில் சரியில்லை, ஆடியில் ஆகாது, ஆவணி வரைக்கும் இவர்கள் மலை சுற்றிக்கொண்டே இருப்பார்களா என்றார் அப்பா. எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று கடைசியில் அம்மாவிடம் கத்தினேன். "நீதான்டி அவன்கூட சுத்தினே" என்றாள். அதற்குப் பாடப் புத்தகத்தைக் காட்டவா?

கைப்பை போயிற்று. அதுதான் என் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று வருஷம் பஸ் ஃபுட்போர்டில் மிதிபட்டுப் படித்தும், கடைசிப் பரீட்சை எழுதாமல் டிகிரி போகப் போகிறது. அதுவும் நான் நிஜமாகக் காதலிக்காத ஒருவனுக்காக. அவன்மேல் எனக்கு இருந்தது இரண்டாவது அங்கம் வரையிலான இது. அதற்கு மேல் நடத்தவே இல்லை.

அதே நேரத்தில் பேராசிரியருக்குப் போர்ஷன் ஞாபகம் வந்து ஓட்டமாக ஓட்ட ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் மூன்று அங்கம். பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பெண் மயக்க மருந்து குடிக்கிறாள், அவள் செத்துவிட்டதாக நினைத்துப் பையன் விஷம் குடிக்கிறான், அவள் எழுந்து பார்த்துக் குத்திக்கொள்கிறாள். பிணங்களைப் பார்த்துப் பகையாளிகள் ராசியாகிறார்கள். எங்கள் வீட்டில் ராசியாவதற்குச் சுண்டல் போதுமாக இருந்தது. நான் முன் பெஞ்சில் ஏங்கி ஏங்கி அழுதேன். இத்தனை வருஷ சர்வீஸில் இந்த நாடகத்துக்கு இப்படி அழுத மாணவி நான்தான் என்று பேராசிரியர் கண் கலங்கி, நோட்ஸ் புத்தகத்தைத் தன் செலவிலேயே வாங்கிக் கொடுத்தார். காதல் எண்ணம் மாறுவது பற்றிய கேள்வி இந்த வருஷம் கட்டாயம் வரும் என்றார். பரீட்சையே எழுதப் போவதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவன் நின்றான். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து என்னைப் பார்த்தால் தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். நான் நேராகப் போய், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், பரீட்சை எழுத வேண்டும், டீச்சர் ஆக வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். உன்னைப் பிடிக்காமல் இல்லை, ஆனால் பிடித்திருக்கிறதா என்றும் தெரியவில்லை என்றும் சொன்னேன். அவன் டெஸ்டரை எடுத்துத் திருகிக்கொண்டே கேட்டான். என்னமோ சொல்லப் போகிறான் என்று பார்த்தேன்.

"அந்தக் கதை முடிஞ்சிடுச்சா?" என்றான். "கடைசியில அவங்களுக்கு என்னா ஆச்சு?"

எனக்கு வந்த கோபத்தில் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

பங்குனியில் ஒருநாள். முந்தின நாள் அத்தை வீட்டுத் தண்ணீர் முறை, ஆனால் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்று எங்கள் முறை. புது ஒப்பந்தப்படி பாதி நாள் அவர்களுக்கு, பாதி நாள் எங்களுக்கு. மல்லாட்டை விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம், ஒரு தண்ணீர் தவறினாலும் மகசூல் கம்மி. மதியம் அப்பா மோட்டார் போடப் போனால் பெட்டியில் பீஸ் கட்டை மூன்றும் இல்லை. ஃபியூஸ் கேரியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது இல்லாமல் மோட்டார் வெறும் இரும்பு. அவன் வரப்பில் நின்றுகொண்டு, மூன்றும் தன்னிடம்தான் இருக்கின்றன, பாதி நாள் கணக்கெல்லாம் ஒத்துக்கொள்ள முடியாது, கரண்ட் போன நாளை அடுத்த நாளில் முழுசாக ஈடு செய்ய வேண்டும் என்று மாமாதானே ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார் என்று கேட்டான். அவனுக்கு மாமா என்றால் என் அப்பா.

தன்னுடைய கட்சியைத் தன்மேலேயே ஒருவன் திருப்பிவிட்டதில் அப்பாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு, போன நாள் போனதுதான், கரண்டுக்கு நான் பொறுப்பா என்று கத்தினார். அது மாமாவின் பழைய கட்சி. சத்தம் கேட்டு மாமா ஓடிவந்தார். பையனை அடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் அவன் முகத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், என் பையன் கேட்பதில் என்ன தப்பு, ஈடு செய்யத்தான் வேண்டும் என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் கட்சியை மாற்றிக்கொண்டு முன்னைவிட உக்கிரமாகச் சண்டை போட்டார்கள். பழத்தட்டு திரும்பிப் போயிற்று, கல்யாணப் பேச்சும் நின்றது.

"அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு, அது பரீட்சையே எழுதிட்டுப் போகட்டும்," என்று அப்பா அன்று அம்மாவிடம் சொன்னார். பரீட்சையைவிட மோசமான ஒன்றை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டதென்று சொன்னால் அது பொய். அவனைப் பற்றி மட்டமாகத்தான் நினைத்தேன். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன ஆத்திரத்தை எங்கள் வயலில் காட்டுகிறான் என்று கொதித்து, மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் நேராக ரீவைண்டிங் கடைக்குப் போனேன். காய்கிற பயிருக்கு நீ பதில் சொல்வாயா என்று கடைவாசலில் நின்று கேட்டேன். ஸ்கூட்டரில் வந்த ஒரு வாடிக்கையாளர் பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"பயிரு காயாது. விடியக்காலையிலயே உங்க பக்கம் மடைய திருப்பிவிட்டுட்டேன். உங்கப்பா இன்னும் பாக்கல," என்றான். பிறகு கேட்டான்: "பரீட்சை எப்ப முடியுது?"

சொன்னேன்.

"அதுவரைக்கும் சண்டை இருக்கும். நான் பாத்துக்கிறேன். நீ படி."

சட்டைப் பை கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பீஸ் கட்டை ஒன்று உள்ளே இருந்தது. டெஸ்டருக்குப் பக்கத்தில், பத்திரமாக. மோட்டார் பெட்டிக்குள் வேறு மூன்று மாட்டிவிட்டானாம், இதை மட்டும் வைத்திருக்கிறானாம். சண்டை ஆறுகிற மாதிரி தெரிந்தால் மறுபடி எதையாவது கழற்ற வேண்டுமே என்றான். சிரிக்காமல் சொன்னான். எனக்கு அந்தக் கடைவாசலில், அந்தக் கிரீஸ் வாடையில், காதல் வந்தது. இது இல்லை. காதல்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நோட்ஸில் அழகாக மூன்று பத்தி இருந்தது, மனப்பாடம் செய்திருந்தேன். முதலில் கண்ணால் வரும் காதல், பிறகு சொல்லால் வளரும் காதல், கடைசியில் உயிரைக் கொடுக்கும் காதல். எழுத ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. உயிரைக் கொடுப்பது என்ன பெரிய விஷயம் என்று இருந்தது. நாடகத்துப் பையனுக்கு அந்தப் பெண் என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்று தெரியுமா? அவள் பரீட்சையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டானா? நோட்ஸை விட்டுவிட்டு இப்படியே ஒன்றரைப் பக்கம் எழுதிவைத்தேன். பீஸ் கட்டையை மட்டும் எழுதவில்லை. அந்தத் தாளில் பாஸ் மார்க்கை ஒட்டிக்கொண்டு தப்பித்தேன். பேராசிரியருக்கு ரொம்ப வருத்தம்.

இனி சண்டை தேவையில்லை என்று நான் போய்ச் சொன்னேன். அவனும் சரி என்று வீட்டில் சமாதானம் பேசப் போனான். யார் கேட்பது? அவன் மூட்டிவிட்டதுதான், ஆனால் அணைக்கிற விசை அவன் பையில் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் புதுக் கட்சியில் நன்றாகக் காலூன்றிவிட்டார்கள். காதல் இல்லாத காலத்தில் தடையும் இல்லை. காதல் வந்தபோது நிஜமாகவே தடை வந்து உட்கார்ந்துகொண்டது. நாடகத்தை நம்பியிருந்தபோது வராத நாடகம், வேண்டாமென்று கும்பிட்டபோது வந்தது.

நான் மேலே படித்தேன். சண்டைக்கார வீட்டுக்கு என்னைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே அப்பா எம்.ஏ. பணத்தைக் கட்டினார். அவனுக்கு வந்த ஜாதகங்களை அவன் ஒவ்வொன்றாகக் கழித்தான். ஒரு பெண் ரொம்ப உயரம், ஒரு பெண் ஜாஸ்தி பேசுகிறாள். என்னைவிட ஜாஸ்தி பேசுகிறவளை அத்தை எங்கே கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. அம்மாவும் அத்தையும் பௌர்ணமி தவறாமல் சுண்டல் சாப்பிட்டு வந்தார்கள். அவர்கள் மூலமாக அவன் கேட்டனுப்புவது, படிப்பு எந்த அளவில் இருக்கிறது என்பது மட்டும்தான். எப்போது முடியும் என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

கடைசியில் சண்டையை முடித்துவைத்தது பெரியவர்களும் இல்லை, நாங்களும் இல்லை. சுற்றிலும் எல்லோரும் போர்வெல் போட்டார்கள். கிணறு வற்றிவிட்டது. எந்தக் கட்சி பேசினாலும் எடுக்கத் தண்ணீர் இல்லை. ஒருநாள் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று அடியில் கிடந்த சேற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஆழம் போனால் தண்ணீர் வரும் என்று மாமா பொதுவாகக் கேட்டார். அப்பா பதில் சொல்லிவிட்டார். அந்த ஆவணியில் எங்கள் கல்யாணம். எனக்கு அதற்குள் கல்லூரியில் வேலையும், ஒரு பழுப்புக் கைப்பையும் இருந்தன. தாலி கட்டும்போதுகூட அதை மேடையில் ஒரு ஓரமாக வைத்திருந்தேன்.

இது எல்லாம் முடிந்து வருஷங்கள் போய்விட்டன. அவன் என்று எழுதிக்கொண்டு வந்தேன், இப்போது அவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில் இன்டர்னல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அதே கேள்வி. கண், சொல், உயிர் என்று எல்லாத் தாளிலும் அதே மூன்று பத்தி. கரண்ட் போயிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். திடீரென்று தலை நிமிர்ந்தார்.

"அந்தக் கதையில கடைசியில என்னாதான் ஆச்சு? நீ அன்னிக்கு பஸ் ஏறிட்ட."

இத்தனை வருஷம் அதைக் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார். நானும் சொல்லாமலே இருந்திருக்கிறேன். மருந்தைக் குடித்து அவள் படுத்திருந்தது, அவன் வந்து பார்த்தது, விஷம், அவள் கண் விழித்தது எல்லாம் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.  எங்கே அழுதுவிடுவாரோ என்று பார்த்தால், எரிச்சலாக இருந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா அந்தப் பொண்ணு எழுந்திருச்சிருக்குமே," என்றார். "அவனுக்கு என்னா அவ்ளோ அவசரம்?"

நான் பேனாவை மூடிவைத்தேன். நான் பி.ஏ. முடிக்கிறவரை, எம்.ஏ. முடிக்கிறவரை, கிணறு வற்றுகிறவரை, கல்யாணம் எப்போது என்று ஒரு வார்த்தை கேட்காமல் காத்திருந்த மனுஷன். நோட்ஸில் இல்லாத நாலாவது பத்தி எதிரில் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.  எழுந்து போய்த் தலையைத் தடவிவிட்டு வந்தேன். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, கிரீஸ் என்றேன்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மிக்ஸியை மாட்டி ஓடவிட்டார். சுத்துதா என்று கேட்டார். நல்லா சுத்துது என்றேன்.